மூணு மணித் தண்ணீர்

சத்தியம்! சத்தியம்! தலையில் அடித்துச் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் ஏழு பற்களும் இந்த இடத்திலேயே கொட்டிப் போகட்டும். ஏற்கெனவே போனவை வேறு காரணங்களுக்காகப் போனவை, அவற்றை இந்தக் கதையோடு முடிச்சுப் போடாதீர்கள். கயிற்றுக்காரன்பேட்டை பொது நீச்சல் குளத்துத் தண்ணீர், ஒரு சித்திரை மாதத்து வியாழக்கிழமை, காலை பத்தரை மணி நல்ல நேரத்தில், குளத்தைவிட்டு எழுந்து, வாசல் வழியாக வெளியே நடந்து, ரேஷன் கடையைத் தாண்டி, மாவு மில்லைத் தாண்டி, ஆறாவது சந்துக்குள் திரும்பி வந்து நின்றது. நின்றது என்றால் தேங்கி நின்றது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், அது நம்ம ஊர்த் தண்ணீர் ஐப்பசி கார்த்திகையில் செய்கிற சாதாரண வேலை. இது மொட்டை மாடி உயரத்தில், கீழே ஆட்டோ போகிற அளவு இடம் விட்டு, தெருவின் அகலத்துக்குத் தன்னைக் குறுக்கிக்கொண்டு, அந்தக் குறைவை நீளத்தில் சரிக்கட்டிக்கொண்டு, ஒரு பக்கம் நாலடியும் மறுபக்கம் எட்டடியும் ஆழமாக, குளத்தில் எப்படி இருந்ததோ அப்படியே நீல நிறத்தோடு அந்தரத்தில் நின்றது.

ஏன் வந்தது என்பதைச் சொன்னால்தான் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கு வந்தது இன்னும் போகவில்லை.

ஆறாவது சந்தின் முனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவள் பவுனம்மா. வயது ஐம்பத்து மூன்று. காலை ஏழு மணிக்குக் கரியைப் பற்ற வைத்தால் பிற்பகல் இரண்டரை வரை நெருப்பு நிறைந்த இரும்புப் பெட்டியை ஊரார் சட்டைமேல் இழுத்துக்கொண்டே இருப்பாள். சித்திரை வெயில் முதுகில், கரிச்சூடு வயிற்றில், நடுவில் அவள் என்று ஒருத்தி இருந்தாளா என்பதே அவளுக்குச் சந்தேகமாக இருக்கும். இரண்டரைக்குப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு, பத்து ரூபாயைத் தோள் துண்டில் முடிந்துகொண்டு, பொது நீச்சல் குளத்துக்கு நடப்பாள். மூணிலிருந்து நாலு மணி வரை அங்கே பெண்கள் நேரம். காலையும் மாலையும் ஆண்களுக்கு. வெயில் மண்டையைப் பிளக்கிற, ஆண்கள் யாருக்கும் வேண்டாத அந்த ஒரு மணி நேரம் பெண்களுக்கு. மிஞ்சியதைத்தான் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்குத் தெரியாது, மிஞ்சியதை வைத்து இந்தப் பெண்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று.

உயிர்காப்பாளர் வேலையில் ஸ்டெல்லா என்று ஒருத்தி இருந்தாள். முப்பது வயதுகூட நிரம்பாதவள், கழுத்தில் விசில், குரல் அந்த விசிலைவிடக் கூர்மை. நைட்டியோடு வந்த முப்பது நாற்பது பெண்களை நீந்த வைத்தவள் அவள்தான்.

"நைட்டியோட குதிச்சா குடை மாதிரி விரிஞ்சுக்கும்க்கா, முட்டிகிட்ட நாடா போட்டுக் கட்டு. கட்டிட்டியா? இப்போ படு. தண்ணி மேல படுக்கச் சொன்னேன், பாய் மேல இல்ல, ஒடம்ப விடு!"

ஏழாவது வாரம் பவுனம்மா உடம்பை விட்டாள். தண்ணீர் அவளை வாங்கிக்கொண்டது. அன்றைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு மிதந்தபோது, தன்னை யாரோ எடை இல்லாமல் தூக்கி வைத்திருப்பதுபோல இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளை யாரும் எதிலிருந்தும் தூக்கிவிட்டதில்லை. நாலு மணிக்கு ஈர நைட்டியோடு சொட்டச் சொட்டப் பெண்கள் எல்லாரும் வீட்டுக்கு நடந்து போவார்கள். அஞ்சு வருஷம் அப்படிச் சொட்டியிருக்கிறார்கள். தண்ணீருக்கு வழி எப்படித் தெரிந்தது என்று பிறகு ஊரே மண்டையைக் குடைந்துகொண்டது; எனக்கு அதில் குழப்பமே இல்லை.

அந்தக் குளத்தில் ஒரே ஒரு குறை, பெண்கள் உடை மாற்றும் அறைக் கதவில் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி மாற்றும்போது இன்னொருத்தி கதவில் முதுகைக் கொடுத்து நிற்க வேண்டும். பவுனம்மா ஒருநாள் உதவிப் பொறியாளர் முத்துவேலழகனைப் பிடித்துக் கேட்டாள். அவர் சட்டைகளைத் தேய்ப்பவளும் அவள்தான்.

"வாய்ல சொன்னா எப்படிக்கா? மனு குடுங்க. பப்ளிக் கையெழுத்தோட குடுங்க. நானே எழுதித் தர்றேன்" என்றார் அவர். எழுதியும் கொடுத்தார். முதல் வரியில் தாழ்ப்பாள் இருந்தது. கடைசி வரியில், "மேலும் இக்குளத்தை அனைத்து வகையிலும் மேம்படுத்தித் தருமாறு பொதுமக்கள் வேண்டுகிறோம்" என்று இருந்தது. அந்த வரியைப் பவுனம்மாவும் படித்தாள். கதவுக்கு ஒரு பூச்சு வண்ணமும் சேர்த்து அடித்துக் கொடுப்பார்கள்போல என்று நினைத்தாள்.

தேய்த்த துணி மூட்டையோடு வாசல் வாசலாகப் போகும்போது, மேலே இருக்கும் சட்டையின் இளஞ்சூட்டு மடிப்பின்மேல் அந்தக் காகிதத்தை வைத்துக் கையெழுத்து வாங்கினாள். நூற்று அறுபத்து மூன்று கையெழுத்து. பதினோரு நாள் வீடு வீடாக அலைந்ததில் மனு கசங்கிப் போயிருந்தது. கசங்கிய காகிதத்தைக் கொடுத்தால் ஆபீசர்கள் என்ன நினைப்பார்கள் என்று, ஈரத் துணியை மேலே விரித்து, பெட்டிச் சூட்டைக் குறைத்து, மனுவை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். உலகத்திலேயே மடிப்பில்லாத மனு அதுதான். முத்துவேலழகன் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்து, "சூப்பர்க்கா" என்றார்.

இந்த ஊரில் எதையாவது பிடுங்கப் போகிறார்கள் என்றால் முதலில் அதற்கு மேம்பாடு என்று பெயர் வைப்பார்கள். பூங்காவை மேம்படுத்தினார்கள், உள்ளே போகச் சீட்டு வந்தது. திடலை மேம்படுத்தினார்கள், பந்தோடு போன பிள்ளைகளை வாட்ச்மேன் விரட்டினான். குளத்தை மேம்படுத்தினார்கள், பொதுமக்களின் கோரிக்கையை ஏற்று, கோரிக்கை பக்கம் ஏழில் இணைக்கப்பட்டுள்ளது என்று எழுதி, 'அக்வா ஆனந்தா' என்ற கம்பெனிக்கு முப்பது வருஷத்துக்குக் குளத்தைக் கொடுத்தார்கள். மாதம் நாலாயிரம் கட்டணம். நீச்சல் உடை கட்டாயம், நைட்டிக்கு அனுமதியில்லை. பெண்களுக்கெனத் தனி நேரம் இனிக் கிடையாது. ஸ்டெல்லாவுக்கு வேலையும் கிடையாது. அந்த வியாழக்கிழமை காலை கவுன்சிலர் செங்கோடன் ரிப்பன் வெட்டினார், பழைய வாசலில் புதுப்பூட்டு ஏறியது, சேதி கேட்டு ஓடிவந்த பெண்கள் கையில் நாடாவோடு வெளியே நின்றார்கள்.

"தாழ்ப்பாள் கேட்டோம், கதவையே சாத்திட்டாங்களே பவுனு!" என்று ரமீஜா கத்தினாள். இவள் ஆறாவது சந்தில் இடியாப்பம் விற்பவள், பவுனம்மாவோடு ஒரே நாளில் நீந்தத் தொடங்கியவள். "நீதான வீடு வீடா வந்து கையெழுத்து வாங்குன? என்கிட்டயும் வாங்குனியே! மாவு கையோட போட்டுக் குடுத்தேனே!"

பவுனம்மா வாயைத் திறக்குமுன் தண்ணீர் எழுந்துவிட்டது. படுத்திருந்த எருமை எழுந்திருக்கிற மாதிரி பின்பக்கத்தை முதலில் தூக்கி எழுந்து, ஒருமுறை உடம்பைச் சிலிர்த்து, ரிப்பனையும் கவுன்சிலரின் வெள்ளை வேட்டியையும் நனைத்துக்கொண்டு, புதுப்பூட்டுத் தொங்கிய கேட்டின் கம்பி இடுக்குகளில் பிரிந்து அந்தப் பக்கம் ஒன்றுசேர்ந்து நடந்தது. அக்வா ஆனந்தாவின் மேலாளர், கழுத்தில் டை கட்டியவர், "ஹலோ! ஹலோ!" என்று அதன் பின்னால் ஓடினார். அது திரும்பியே பார்க்கவில்லை.

முதல் நாள் தெருவில் எல்லாரும் கூச்சல் போட்டார்கள். இரண்டாம் நாள் தண்ணீர் யார் வீட்டுக்கு நேராக நிற்கிறது, யாருக்கு உரிமை என்று சண்டை போட்டார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் அங்கேயே இருப்பதால் வேறு வழியில்லாமல் அதோடு வாழத் தொடங்கினார்கள். ஆட்டோக்காரர்கள் சந்துக்குள் நுழையும்போது வைப்பரைப் போட்டுக்கொண்டார்கள். மின்சார வாரியத்து ஆட்கள் வந்து, திட்டிக்கொண்டே, கம்பிகளை ஒதுக்கிக் கட்டிவிட்டுப் போனார்கள். காக்கைகள் கீழிருந்து மேல்நோக்கிப் பறந்து, தண்ணீரின் அடிவயிற்றைக் கொத்திக் குடிக்கப் பழகின. சாமி ஊர்வலம் வந்தபோது குடையை மட்டும் மடக்கினார்கள். வீட்டுக்காரர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா, மாடிப் போர்ஷன் வாடகையை ஏற்றி, 'நீச்சல் குள வசதி உண்டு' என்று அட்டை மாட்டினார்கள். ஸ்டெல்லா போய் அந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கிழித்தாள்.

தண்ணீருக்குள் இறங்கச் சரியான வழி ரமீஜா வீட்டு இரும்புப் படிக்கட்டு. அதில் ஏறி மொட்டை மாடிக்குப் போனால் கைப்பிடிச் சுவரிலிருந்து நேராக நாலடி ஆழத்தில் கால் வைக்கலாம். ஸ்டெல்லா அந்தச் சுவரில் உட்கார்ந்துகொண்டாள், சம்பளம் கிடையாது, விசில் இருந்தது. காலையும் மாலையும் ஆண்கள், மூணிலிருந்து நாலு வரை பெண்கள். அந்த ஒரு மணி நேரம் ஆம்பிளைகள் யாரும் சந்தில் நிற்கக்கூடாது, ஏனென்றால் தண்ணீருக்கு அடிப்பக்கமும் கண்ணாடி மாதிரி. விசில் ஊதியதும் டீக்கடைக்காரர்கூடப் பால் பாத்திரத்தை மூடிவிட்டு மெயின் ரோட்டுக்குப் போய்விடுவார். குளத்தில் நாற்பது பேர் வந்தார்கள் என்றால் சந்தில் நூறு பேர் வந்தார்கள்.

பவுனம்மா மட்டும் வரவில்லை.

வரவிடவில்லை என்பதே சரி. ரமீஜா படிக்கட்டின் கம்பிக் கதவில் நின்று, "நீ வேணாம். உன் மூஞ்சியப் பார்த்தா எனக்கு அந்தப் பேப்பர் ஞாபகம் வருது" என்றாள். பவுனம்மா திரும்பி நடந்தாள். தண்ணீரின் நிழலில் தன் வண்டியை நிறுத்திக்கொண்டு தேய்த்தாள். வெயில் தண்ணீருக்குள் புகுந்து வந்து துணிமேல் நெளிநெளியாக ஆடும். எந்தச் சட்டையைப் பார்த்தாலும் சுருக்கம் இருப்பது மாதிரியே தெரியும். தேய்த்ததையே மறுபடி தேய்ப்பாள், மறுபடி தேய்ப்பாள். மூணு மணிக்குத் தலைக்குமேல் நூறு பெண்களின் கால்கள் அடிக்கும், சிரிப்பு சொட்டும். அவள் நெருப்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பாள். அவமானம் என்று முதலில் நினைத்தாள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அது அவமானம் இல்லை, ஆத்திரம். இத்தனை நாளும் தவறான ஆள்மேல் திரும்பியிருந்தது, அவ்வளவுதான். நான் எழுதவில்லையே அந்தக் கடைசி வரியை, நான் எழுதவில்லையே என்று பெட்டியை இழுக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் சொன்னாள்.

இதற்கிடையில் அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. முத்துவேலழகன் தண்ணீருக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ் எடுத்து வந்தார். 'பெறுநர்: தண்ணீர், த/பெ தெரியவில்லை, கதவு எண் இல்லை, ஆறாவது சந்து' என்று போட்டு, ஏழு நாளுக்குள் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. ஒட்டச் சுவர் இல்லாததால் அண்ணாந்து பார்த்துச் சத்தமாக வாசித்தார். தண்ணீர் அவர் கண்ணாடியில் ஒரே ஒரு சொட்டு விட்டது. பிறகு மோட்டார் லாரி கொண்டு வந்து உறிஞ்சினார்கள். லாரி மெயின் ரோட்டைத் தொடுமுன் மூடியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் இறங்கித் திரும்பி நடந்து வந்தது. அக்வா ஆனந்தா முப்பது டேங்கர் புதுத் தண்ணீர் வாங்கிக் குளத்தில் கொட்டியது. அதுவும் கேட்டு வழியாக வெளியே வந்து, வழி கேட்காமல், இதோடு வந்து சேர்ந்துகொண்டது. இப்போது ஆழம் எட்டடியிலிருந்து பதினோரடி ஆகிவிட்டது.

பதினெட்டாம் நாள் பகல் இரண்டரை மணிக்கு இரண்டு கார்கள் சந்துக்குள் வந்து நின்றன. கவுன்சிலர், பொறியாளர், டை கட்டிய மேலாளர், இரண்டு போலீஸ்காரர்கள். நேராக இஸ்திரி வண்டிக்கு வந்தார்கள்.

"பவுனக்கா, நல்லாருக்கீங்களா?" என்றார் செங்கோடன்.

"கரி விக்கிற வெலைல எப்படி நல்லாருக்கறது? சொல்லு தம்பி."

முத்துவேலழகன் விளக்கினார். தண்ணீர் பொதுமக்கள் பின்னாலேயே நிற்கிறது. பொதுமக்கள் சார்பில் மனுவில் முதல் கையெழுத்து பவுனம்மாவுடையது. அதனால், தண்ணீரை அக்வா ஆனந்தாவிடம் ஒப்படைக்க ஆட்சேபனை இல்லை என்று அவளே ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தண்ணீர் மரியாதையாகத் திரும்பிவிடும் என்று மேலிடத்தில் நினைக்கிறார்கள்.

"சும்மா இல்ல, மேடம்" என்றார் மேலாளர். "உங்களுக்கு வாழ்நாள் இலவச பாஸ். மூணு டு நாலு, உங்களுக்கு மட்டும். நைட்டியிலயே வரலாம். தாழ்ப்பாளும் போட்டுத் தர்றோம்."

மேலே, மாடிச் சுவர் ஓரமாக, முகங்கள் எட்டிப் பார்த்தன. ரமீஜா முகமும் இருந்தது. பவுனம்மாவுக்குக் கண்ணை மூடினால் தெரிந்தது. அந்தப் பெரிய நீலத்தில் அவள் ஒருத்தி மட்டும் மல்லாந்து படுத்திருக்கிறாள், சத்தமே இல்லை, காதுக்குள் தண்ணீர், மேலே வானம். பதினெட்டு நாள் நெருப்போடு நின்ற உடம்பு அது. ஆசையே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், அவள் ஆசைப்பட்டாள்.

"எனக்கு மட்டுமா?" என்றாள்.

"உங்களுக்கு மட்டும்தான்!" என்றார் மேலாளர், அதுதான் பெரிய வரம்போல.

பவுனம்மா பெட்டியைக் கல்மேல் நிமிர்த்தி வைத்தாள். "சரி. ஆனா தனிப் பேப்பர்ல போடமாட்டேன். மொதல்ல போட்ட பேப்பர்லயே போடறேன். அது என் கையால தேச்ச பேப்பர்."

முத்துவேலழகனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதுவும் நல்லதுதான் சார், ஒரே பேப்பர்ல இருந்தா ஃபைல் ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று காரிலிருந்து கோப்பை எடுத்து, பக்கம் ஏழை உருவிக் கொடுத்தார். பதினோரு நாள் அலைந்த காகிதம், இன்னும் மடிப்பில்லாமல் மொடமொடவென்று இருந்தது. பவுனம்மா அதை வாயில் கவ்விக்கொண்டாள். முட்டிக்குக் கீழே நைட்டியைச் சுருட்டி நாடாவால் கட்டினாள். படிக்கட்டை நோக்கி நடந்தாள்.

கம்பிக் கதவில் ரமீஜா இறங்கி வந்து நின்றிருந்தாள். அவள் பவுனம்மா வாயிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள், முட்டியில் கட்டிய நாடாவைப் பார்த்தாள். ரமீஜா கதவைத் திறந்து, "ஏறு" என்றாள்.

"எங்கக்கா போறீங்க? பேனா இங்க இருக்கு!" என்று முத்துவேலழகன் கத்தினார். அதற்குள் பவுனம்மா தண்ணீரில் இருந்தாள். நாலடியைத் தாண்டினாள், எட்டடியைத் தாண்டினாள், பதினோரடி ஆழம் வந்ததும் நின்று மிதித்துக்கொண்டே வாயிலிருந்து காகிதத்தை எடுத்தாள். எடுத்து, முப்பது வருஷம் ஊரார் சுருக்கத்தை எடுத்த அந்தக் கையாலே, கசக்கினாள். கசக்கினாள், முக்கினாள், பிழிந்தாள், மறுபடி கசக்கினாள். அழுக்குத் துணியைக் கும்முவதுபோலக் கும்மினாள்.

"ஐயோ, அது ஒரிஜினல்!" என்று கீழே முத்துவேலழகன் குதித்தார். "அது இல்லாட்டி ஃபைல்ல பப்ளிக் ரிக்வெஸ்ட்டே இல்ல சார்! ஒப்பந்தமே நிக்காது! யாராவது போய்ப் பிடுங்குங்க!"

கவுன்சிலர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் போலீஸ்காரர்களைப் பார்த்தார். குளத்தை விற்றவர், எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் என்று அங்கே இருந்தவர்களில் ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது.

"ஏம்மா ஸ்டெல்லா!" என்று செங்கோடன் மேலே பார்த்துக் கூப்பிட்டார். "நீ கவர்மென்ட் ஸ்டாஃப்தான? போய் வாங்கிட்டு வா!"

"எனக்கு வேலை போயிப் பதினெட்டு நாள் ஆவுது சார்" என்றாள் ஸ்டெல்லா, சுவரில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே. "நீங்களே வேணா வாங்க. புதுசா கத்துக்கறவங்களுக்குக் காலைல ஆறு மணி. ஏழு வாரத்துல மிதந்துடலாம்."

பவுனம்மா தண்ணீரிலிருந்தே பேசினாள். கத்தவில்லை, தண்ணீர்மேல் குரல் தானாகவே தூரம் போகும். "எனக்கு மட்டும்னு சொன்னீல்ல? அந்த ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருந்தா ஒருவேளை போட்டிருப்பேன்யா. இந்தத் தெருவுல கொடம் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிஞ்சவ நூறு பேரு இருக்கா. எல்லார்கிட்டயும் ஒரு மணி நேரத்தப் புடுங்கி எனக்கு ஒருத்திக்குப் பிச்சை போடறியா? அதுவும் எங்க நேரத்தையே? இந்தா உன் பேப்பர்!"

கூழாகிப் போன மனு முத்துவேலழகனின் சட்டையில் வந்து அப்பியது. அந்தச் சட்டையும் அவள் தேய்த்ததுதான்.

செங்கோடன் விவரமான ஆள். எப்போது தோற்றோம் என்று தெரிந்தவர்தான் அரசியலில் இருக்க முடியும். அங்கேயே போனைப் போட்டு, பூட்டை உடைக்கச் சொன்னார், பலகையைக் கழற்றச் சொன்னார், பத்து ரூபாய்ச் சீட்டு பழையபடி என்றார், ஸ்டெல்லாவுக்கு வேலை என்றார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். தண்ணீர் அசையவில்லை.

"இன்னும் என்னக்கா வேணும்?" என்றார் செங்கோடன், குரல் இறங்கி.

"மணி என்ன?"

"மூணு."

ஸ்டெல்லா விசில் ஊதினாள்.

"எங்க நேரம்" என்றாள் பவுனம்மா. "ஆம்பளைங்க எல்லாரும் வெளிய போங்க."

போனார்கள். கவுன்சிலர் போனார், பொறியாளர் போனார், மேலாளர் டையைக் கையில் பிடித்துக்கொண்டு போனார், போலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். டிரைவர்களும் ஆண்கள் என்பதால் வண்டியை எடுக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை, கார்கள் இரண்டும் உள்ளேயே நின்றுவிட்டன. மெயின் ரோட்டில் மரம் கிடையாது, அதையும் முந்தின வருஷம் மேம்படுத்திவிட்டார்கள். சித்திரை மாதத்து மூணு மணி வெயிலில், உருகுகிற தார் ரோட்டில், ஏசி இல்லாமல், நாற்காலி இல்லாமல், ஊரை ஆள்கிறவர்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு மணி நேரம். ஒரு நிமிஷம் குறையாமல்.

உள்ளே ரமீஜா தண்ணீரில் குதித்தாள், நாடா கட்ட மறந்து, குடை மாதிரி விரிந்துகொண்டு. "பவுனு, பிடிடீ!" என்று அலறினாள். பவுனம்மா போய்ப் பிடித்தாள். பிடித்த கையை ரமீஜா விடவில்லை. "மூஞ்சிய அப்படி வச்சுக்காதடீ" என்றாள். "எப்படி வச்சிருக்கேன்?" "நான் பேசுனதையெல்லாம் ஞாபகம் வச்சிருக்கற மாதிரி." "வச்சிருக்கேன்தான்" என்றாள் பவுனம்மா. "நாலு மணி வரைக்கும் வச்சிருப்பேன். இப்போ ஒடம்ப விடு." இரண்டு பேரும் மல்லாந்தார்கள். அவர்களைச் சுற்றி நூறு பேர். யாரும் பேசவில்லை. அந்த அமைதி மெயின் ரோடு வரைக்கும் கேட்டது.

நாலு மணிக்குப் பெண்கள் இறங்கிச் சொட்டச் சொட்டத் தெருவில் நடந்தார்கள், வீட்டுக்கு இல்லை, குளத்துக்கு. பவுனம்மா முன்னால். தண்ணீர் அவர்கள் பின்னால், வெயிலில் வெந்து நின்றவர்களை ஒட்டி உரசிக்கொண்டு, ஒருத்தர்மேலும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், நடந்து போனது.

இவ்வளவுதான். யாரிடமும் சொல்லுங்கள், எல்லாரிடமும் சொல்லுங்கள், ஆனால் சொன்னது யார் என்று மட்டும் சொல்லாதீர்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்த ஒரு மணி நேரம் ஆம்பிளை ஒருத்தனும் சந்துக்குள் இருக்கக்கூடாது; நான் விசில் சத்தம் கேட்காமல் இஸ்திரி வண்டிக்கு அடியில் தூங்கிப்போயிருந்தேன், விழித்த பிறகும் கண்ணைத் திறக்கவே இல்லை, காதை மட்டும் மூடவில்லை. இது பவுனம்மாவுக்குத் தெரிந்தால், பெட்டியில் இன்னும் நெருப்பு இருக்கிறது.